ஷாமிலாவுக்குப் புத்தி சொன்ன கதை

பிராண்டே, டென்மார்க்
ஒக்ரோபர் 19

அன்புள்ள தம்பி அன்ரனிக்கு,

அக்கா செசிலியா எழுதுவது. நாங்கள் இங்கே சுகம். மெல்பேணில் நீயும் மச்சாளும் சுகமாக இருக்கக் கர்த்தர் துணை செய்யட்டும். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

உன் மகள் ஷாமிலா பத்து நாள் எங்களோடு நின்றாள். பாட்டை விட்டுவிட்டுத் திரும்பவும் பார்மசி வேலைக்குப் போகச் சொல்லு அக்கா என்று நீ கேட்டதை நான் மறக்கவில்லை. அதற்காகவே காற்றாலைத் தொழிற்சாலையில் லீவு எடுத்து, அவளைக் காரில் கொண்டு திரிந்தேன். காரில் என்றால் புத்தி சொல்லும்போது இறங்கி ஓட முடியாதுதானே.

ஊர் ஊராய்ப் பாட வந்த பிள்ளைக்குப் பாட்டுக் கம்பனியும் இல்லை, மனேஜரும் இல்லை. பாட்டு எழுதுவதும் அவள், பாடுவதும் அவள், போஸ்ரர் ஒட்டுவதும் அவள். பசை வாளியை மட்டும் உன் அத்தான் பிடித்தார்.

வியாழக்கிழமை இங்கே ஒரு கஃபேயில் பாடினாள். வெளியே புயலும் மழையும். வந்தது மூன்று பேர்: நான், அத்தான், பின்னல் வகுப்பென்று நினைத்து வந்த ஒரு டேனிஷ் அம்மா. அவ ஒரு மணித்தியாலமும் காலுறை பின்னிக்கொண்டே கேட்டா. திரும்பி வரும்போது ஷாமிலா அழுதாள். "அப்பா சொன்னது சரி மாமி. நான் போய் வேலையில சேரப்போறன்" என்றாள்.

பார், நீ சொன்ன காரியம் முடிந்தது. "நல்லது பிள்ளை" என்று நான் சொல்லியிருந்தால் போதும். எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது, காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஏசினேன். "மழைக்கு ஆக்கள் வராட்டி நீ ஏன் பாட்டை விடவேணும்? சொன்னபடி சனிக்கிழமை கோல்டிங்கில நீ பாடுறாய். ஆக்களை நான் கொண்டுவாறன்!"

பின் சீற்றில் இருந்த அத்தான், "செசிலியா, நாங்கள் சொல்ல வந்தது இது இல்லையே" என்றார். அவருக்கும் ஏச்சு விழுந்தது.

வெள்ளி முழுக்கப் போன் அடித்தேன். சனிக்கிழமை கோல்டிங் நூலக மண்டபம் நிறைந்துவிட்டது. பாதி எங்கள் சனம், பாதி என்னோடு வேலை செய்கிற டேனிஷ்காரர். பாடி முடிந்ததும் எல்லோரும் ஒரே தாளத்தில் கைதட்டத் தொடங்கினார்கள். பிள்ளையைப் போகச் சொல்லித் தட்டுகிறார்கள் என்று நினைத்து நான் சண்டைக்கு எழும்பிவிட்டேன். என் வேலையிடத்துச் சிநேகிதி நிரோஜா சட்டையைப் பிடித்து இழுத்து, "அக்கா, இருங்கோ. இன்னொரு பாட்டுக் கேக்கினம்" என்றாள்.

அந்த இன்னொரு பாட்டு உன்னைப் பற்றியது, தம்பி. நீ விடியப்புறம் பேக்கரி வேலைக்குப் போவதை, சின்னப் பிள்ளையாக அவள் யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றதைப் பற்றி. என்னுடைய இங்கிலீஷ் உனக்குத் தெரியும். அந்தப் பாட்டு எனக்கு முழுதும் விளங்கியது.

அடுத்த மாதம் மெல்பேணில் பாடுகிறாள். நீ வரமாட்டாய் என்ற பயத்தில் அவள் உனக்குச் சொல்லவில்லை. போய்க் கேளடா. கடைசி வரிசையில் என்றாலும் இரு. கர்த்தர் உனக்கு நல்ல சுகத்தையும், அந்த ஒரு மணித்தியாலம் வாயைத் திறக்காமல் இருக்கும் பலத்தையும் தரட்டும்.

இப்படிக்கு,
உன்னை ஏமாற்றிய
அக்கா செசிலியா