பத்திரத்துல உன் பேரும் வேணும்

அன்புள்ள கயலுக்கு சித்தி எழுதிக்கிறது. தணிகை முருகன் புண்ணியத்துல நான் இங்க எழுந்து நடமாடிக்கினு இருக்கேன், பூனால நீயும் மாப்ள உதயாவும் வேளைக்குச் சாப்ட்டு சுகமா இருக்கணும். போன்ல சொன்னா சரி சரின்னு வச்சுடுவே, அதான் எழுதறேன். படித்திருவிழாவுக்கு ரெண்டு நாளும் மலையடிவாரத்துல பூக்கடையிலயே கெடந்தேன், முட்டி வீங்கிடுச்சு. அப்பவும் படியேறி உன் பேருக்கு ஒரு கற்பூரம் ஏத்திட்டுதான் எறங்கினேன்.

உங்க சித்தப்பா போயி பத்து மாசம் ஆச்சு, வீட்டை என் பேருக்கு மாத்த இன்னும் அலைஞ்சுகினுதான் இருக்கேன். நாலாவது வாட்டி போனப்ப தாலுகா ஆபீஸ்ல இருக்கிற பொண்ணு காயிதத்தையெல்லாம் பொரட்டிப் பாத்துட்டு, "இதுல உங்க பேரு எங்கயுமே இல்லியேம்மா"ன்னுச்சு. அது மேல தப்பில்ல. மேல்தளம் போட்டது நான் பூ கட்டிச் சேத்த காசு, அதை எந்தக் காயிதத்துல காட்டறது. வெளிய வந்து அப்படியே உக்காந்துட்டேன். அப்பதான் உன் நெனப்பு வந்துச்சு. நீங்க ஃபிளாட் வாங்கறோம்னு சொன்னப்ப, உனக்கு ஏழரைச் சனி நடக்குது, பத்திரம் மாப்ள பேர்லயே இருக்கட்டும்னு அடம் புடிச்சவ நான்தானே. நீயும் என் வாய்க்கு பயந்து தலையாட்டிட்டே. தவணையில பாதி உன் சம்பளத்துலதான் போவப்போவுது. பஜார்ல வரிக் கணக்கு எழுதற கோதண்டபாணிகிட்ட கேட்டேன். பத்திரத்துலயும் லோன்லயும் ரெண்டு பேரும் இருந்து, ரெண்டு பேரும் கட்டினாதான் ஆளுக்குத் தனியா லோன் வட்டியை வரியில கழிக்கலாமாம், அதுவும் பழைய முறையில வரி கட்டினாதானாம். எந்த முறை லாபம்னு அவங்கவங்க சம்பளத்தை வச்சு தனித்தனியா போட்டுப் பாக்கச் சொன்னாரு. ஏழரையைச் சொன்னதுக்கு, சனி பகவான் வந்து ரிட்டர்ன் போட மாட்டாரு அக்கான்னு சிரிக்கிறாரு.

எனக்கு அந்த வரியெல்லாம் பாதிதான் புரிஞ்சுது. கழிஞ்சாலும் கழியாட்டியும் உன் பேரு அதுல இருக்கணும் கயலு. தை பொறந்துதானே பத்திரம், அதுக்குள்ள பேங்க்ல சொல்லி மாத்திடுங்க. சனிக்கு நான் வாராவாரம் எள்ளு தீபம் ஏத்திக்கிறேன், அது என் பாடு. மாப்ள நல்லவரு, தப்பா நெனைக்க மாட்டாரு. உங்க சித்தப்பாவும் நல்லவருதான்.

முருகன் உங்க ரெண்டு பேரையும் ஒரு கொறையும் இல்லாம வச்சிருப்பான். ராத்திரியில மோர் ஊத்திக்காதே, உனக்கு சளி புடிக்கும். பத்திரம் ஆனதும் உன் பேரு இருக்கிற பக்கத்தை மட்டும் போட்டோ புடிச்சு அனுப்பு, சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சுக்கறேன்.

உன்னை வளத்த சித்தி
பாஞ்சாலி
திருத்தணி