சரக்கைப் பார்க்காமல் ஏறமாட்டேன்

விழுப்புரம்
4-2-1959

சேசு மரி சூசை துணை

பிரியமுள்ள மாப்பிள்ளை பெரியநாயகத்துக்கு, மைத்துனன் தொம்மை தோத்திரம் சொல்லி எழுதியது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். கடலூரில் நீங்கள் லாரி லைசென்சு வாங்கிவிட்டதாகத் தங்கச்சி சூசை மேரி எழுதிய கார்டு வந்தது. அம்மா என்னை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஐந்து வருஷம் கிளீனராக இருந்து கிரீசு பூசிய கை, இனி ஸ்டியரிங் பிடிக்கப் போகிறது.

உங்களுக்கு வேலை தேடும் கஷ்டம் வேண்டாம். நான் கணக்கெழுதும் லாரி கம்பெனியிலேயே முதலாளியிடம் சொல்லிவிட்டேன். புது பென்ஸ் வண்டி ஒன்று டிரைவர் இல்லாமல் நிற்கிறது. புதுச்சேரியில் நூல் மூட்டை ஏற்றிச் சேலத்தில் இறக்க வேண்டும், அவ்வளவுதான். புது டிரைவருக்கு இப்படி ஒரு வண்டி யாரும் தரமாட்டார்கள். தபசு காலத்து நாற்பது நாள் நோன்பு தொடங்குமுன் வந்து சேர்ந்துவிடுங்கள். திங்கட்கிழமை எதிர்பார்ப்பேன்.

தங்கச்சிக்கு என் ஆசீர்வாதம்.

உங்கள் அன்பு மைத்துனன்
தொம்மை

*

திண்டிவனம்
9-2-1959

அன்பும் மரியாதையும் உள்ள மச்சானுக்கு, பெரியநாயகம் எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். இன்று திங்கட்கிழமை, நான் வரவில்லை. கோபிக்க வேண்டாம். பரீட்சையில் இன்ஸ்பெக்டர் மேட்டில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பின்னால் ஒரு சாண்கூட உருளாமல் கிளப்பச் சொன்னார். கிளப்பினேன். அப்படி வாங்கிய லைசென்சை முதலில் கூப்பிட்டவரிடமே கொடுத்துவிட மனசு வரவில்லை. நாலு கம்பெனி பார்த்துவிட்டுச் சேரலாமென்று இருக்கிறேன். உங்கள் தங்கச்சி, "பொண்ணு பாக்கறதுக்குக்கூட நீங்க இவ்ளோ நாள் எடுத்துக்கல" என்று சிரிக்கிறாள்.

இங்கே வேங்கடேசன் என்பவரிடம் இரண்டு பழைய வண்டி இருக்கிறது. மல்லாட்டை மூட்டை ஏற்றி மெட்ராசில் கடலை மண்டிக்குப் போகும். நேற்றுப் போய், அவரிடம் சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன்.

"இன்னாப்பா, வேல கேக்க வந்தவன் அடியில பூந்துகினு இன்னா பண்ற?"

"பிரேக்கு பாக்குறேங்க. ஒரு சக்கரம் இழுக்குது. அத மாத்திக் குடுத்தா வர்றேன்."

"என் மாமனாரே பொண்ணு குடுக்க சொல்ல என்னை இவ்ளோ ஆராயல!" என்றார். ஆனால் மாற்றுகிறேன் என்று சொல்லவில்லை.

உங்கள் கம்பெனி பெரியது, வண்டியும் புதியது. எனக்கு அதில் ஆசை இல்லாமல் இல்லை. மூன்று விஷயம் மட்டும் எழுதுங்கள். லோடு ஏற்றும்போது டிரைவர் பக்கத்தில் நிற்கலாமா? ஒரு நடை முடிந்தால் தூங்க விடுவார்களா? எனக்கு முன் அந்தப் புது வண்டியை ஓட்டியவர் ஏன் நின்றார்?

அத்தைக்கு எங்கள் வணக்கம்.

இப்படிக்கு,
பெரியநாயகம்

*

விழுப்புரம்
13-2-1959

சேசு மரி சூசை துணை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதம் கண்டு சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. கம்பெனிக்காரர்கள்தான் டிரைவரைச் சோதிப்பார்கள். நீங்கள் கம்பெனியைச் சோதிக்கிறீர்கள்! முதலாளி இரண்டு முறை கேட்டுவிட்டார். "நம்ம ஆளு, கட்டாயம் வருவாரு" என்று சொல்லி வைத்திருக்கிறேன். என் வார்த்தைக்கு இங்கே ஒரு மரியாதை இருக்கிறது. அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

தூங்குவதற்குத் தடையில்லை. லோடு ஏற்றுவது குடோன் ஆட்கள் வேலை. அவர்கள் தார்ப்பாய் போட்டுக் கட்டித் தருவார்கள்; டிரைவர் அவிழ்க்கக் கூடாது என்பது இங்கே வழக்கம். முன்பு ஓட்டியவர் வானூர்ப் பக்கத்து முருகையன். சொந்தக் காரணத்தால் நின்றுவிட்டார். அதையெல்லாம் கிளறுவானேன்?

அம்மா உங்கள் இருவரையும் இங்கேயே குடி வரச் சொல்கிறார்கள். பின்கட்டு அறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறோம்.

அன்பு மைத்துனன்
தொம்மை

*

திண்டிவனம்
20-2-1959

மச்சானுக்கு,

நலம். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

டிரைவர் அவிழ்க்கக் கூடாத தார்ப்பாய் என்று நான் கேள்விப்பட்டதில்லை. அதனால் செவ்வாய்க்கிழமை வானூருக்குப் பஸ் ஏறினேன். உங்கள் தங்கச்சியும் கூட வந்தாள். முருகையன் வீட்டை விசாரித்துப் போனோம். அவர் வீட்டில் இல்லை. அவருடைய மனைவி அம்சா, கூலிக்கு மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நூல் மூட்டைன்னு ஏத்தினாங்க. பாயை அவுக்காதன்னு சொல்லி அனுப்பினாங்க. செக்போஸ்ட்ல போலீசு அவுத்தா, அடியில பூரா பாண்டிச்சேரி பிராந்தி பாட்டிலு. மதுவிலக்கு கேசு போட்டுட்டாங்க. வண்டிதான் கம்பெனியோடது, சரக்கு டிரைவரு திருட்டுத்தனமா ஏத்தினதுன்னு கம்பெனி கணக்கப்பிள்ளை எழுதிக் குடுத்து, வண்டிய மட்டும் மீட்டுகினு பூட்டாங்க. ஜாமீனுக்கு ஆளில்லாம கடலூர் ஜெயில்ல கெடக்குறாரு. அந்தக் கணக்கப்பிள்ளைய எங்க ஊட்டுக்காரரு ரொம்ப நல்லவரு, நல்லவருன்னு சொல்லிகினு இருப்பாரு. தொம்மைன்னு பேரு."

எனக்கு எழுந்து வந்துவிடலாம் போலிருந்தது. சூசை மேரிதான், "அக்கா, நான் அவரு தங்கச்சி" என்று சொல்லிவிட்டாள்.

அம்சா முறத்தை நகர்த்தி, அவளுக்கு உட்கார இடம் விட்டார். சூசை மேரி உட்கார்ந்து, அந்த மூட்டை தீரும்வரை அவரோடு சேர்ந்து மல்லாட்டை உடைத்தாள்.

நான் உங்கள் கம்பெனிக்கு வரவில்லை. வேங்கடேசன் பிரேக்கை மாற்றிவிட்டு ஆள் அனுப்பினார்; திங்கட்கிழமை அங்கே சேர்கிறேன். உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னைக் கூப்பிட்டபோது இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

பெரியநாயகம்

*

திண்டிவனம்
2-3-1959

மச்சானுக்கு,

பத்து நாளாகப் பதில் இல்லை. அத்தைக்கு உடம்பு சரியில்லையோ என்று உங்கள் தங்கச்சி கவலைப்படுகிறாள். உங்களைப் பற்றிக் கேட்கமாட்டேன் என்கிறாள். ஆனால் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் நிற்கிறாள்.

மெட்ராசுக்கு மூன்று நடை போய் வந்துவிட்டேன். மூட்டைகளை நானே தட்டிப் பார்த்து ஏற்றினேன்; பாயும் நானே கட்டினேன். செங்கல்பட்டு தாண்டியதும் ஒரு மாட்டு வண்டி குறுக்கே திரும்பியது. மிதித்தேன், நின்றது. வண்டி பழசு, சத்தம் ஊரைக் கூட்டும். ஆனால் எந்தப் போலீசு கை காட்டினாலும் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளாது. எனக்கேற்ற கம்பெனியைத்தான் பிடித்திருக்கிறேன்.

என் கேள்வியை நான் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

பெரியநாயகம்

*

விழுப்புரம்
9-3-1959

மாப்பிள்ளைக்கு,

தெரியும்.

நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். எல்லாவற்றிலும் வேறு ஏதோ எழுதியிருந்தேன்.

முருகையன் பிடிபட்ட அன்று முதலாளி ஒரு தாளை என் முன்னால் வைத்தார். அதை எழுதியது நானில்லை, கையெழுத்து மட்டும்தானே என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். பிறகு அவர், "அடுத்த டிரைவரு வெளியில வாய் விடாத ஆளா, நம்ம ஆளா இருக்கணும்" என்றார். உங்கள் பெயரைச் சொன்னது நான்தான். சரக்கு போகும் நாள் எனக்குத் தெரியும், அந்த நாளில் உங்களை எப்படியாவது வண்டி ஏறாமல் தடுத்துவிடலாம் என்று எண்ணினேன். உங்களை மாட்டிவிட நினைக்கவில்லை. ஆனால் நீங்கள் மாட்டியிருந்தால், இன்னொரு தாளிலும் கையெழுத்துப் போட்டிருப்பேனோ? அதை நினைத்தால் எனக்கே என்மேல் பயமாயிருக்கிறது.

16ந் தேதி திண்டிவனம் கோர்ட்டில் முருகையன் கேஸ். கம்பெனி சாட்சியாக என்னைத்தான் அழைத்திருக்கிறார்கள். நடந்ததைச் சொல்லிவிடப் போகிறேன். அம்மாவிடம் சொன்னேன். "மொதல்ல சாமியாருகிட்ட சொல்லு, அப்பறம் ஜட்ஜுகிட்ட சொல்லு" என்றார்கள். கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்து சாமியாரிடம் சொல்லிவிட்டேன்.

வேலை போய்விடும். என்மேலும் கேஸ் வரலாம். அதற்குப்பின் என்ன செய்வேனென்று தெரியவில்லை. தங்கச்சியின் முகத்தைப் பார்ப்பது எப்படி என்பதுதான் அதைவிடத் தெரியவில்லை.

தொம்மை

*

திண்டிவனம்
12-3-1959

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கடிதத்தைச் சூசை மேரிக்கு உரக்கப் படித்தேன். பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் நிறுத்தினேன். "படிங்க, கேக்குது" என்றாள். முழுவதும் படித்தேன்.

வேலை போனால் என்ன செய்வதென்று எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதமாட்டேன். பதினாறாம் தேதிக்கு வேங்கடேசனிடம் லீவு சொல்லிவிட்டேன். இங்கே ஒரு வக்கீலையும் பார்த்தேன். நீங்கள் சொல்லப்போவதைக் கோர்ட்டுக்கு முன் அவரிடம் ஒருமுறை சொல்ல வேண்டும் என்கிறார். அதனால் முதல் பஸ்ஸுக்கே வாருங்கள். நான் ஸ்டாண்டில் நிற்கிறேன்.

உங்கள் தங்கச்சி சொல்லச் சொன்னது: "அண்ணன் வெறும் வயித்தோட கூண்டுல ஏற வேணாம். ஊட்டுக்கு வந்து சாப்புட்டுப் போவட்டும்."

இன்னொன்றும் சொன்னாள். அம்சாவையும் அன்று காலை வீட்டுக்குத்தான் வரச் சொல்லியிருக்கிறாள். இரண்டு பேருக்கும் பக்கத்தில் பக்கத்தில்தான் இலை போடுவாளாம்.

அதற்குச் சம்மதமென்றால் பதில் எழுத வேண்டாம். வந்துவிடுங்கள்.

உங்கள்
பெரியநாயகம்