யாரும் கூப்பிடாத ஒன்பது வரி

பிப்ரவரி 24, 2003. திங்கள்

காலையிலேயே வெயில். கடற்கரைக் காற்று நெல்லித்தோப்பு வரை வந்து சேர்வதற்குள் சூடாகிவிடுகிறது.

இன்று மாற்றும் நாள். பே. ஒவ்வொரு வருடமும் செய்வது. (பேராசிரியரை இனி இப்படித்தான் எழுதப்போகிறேன். முழுப் பெயர் எழுத அலுப்பு.) பாதி செமஸ்டரில் அவரவர் எழுதிய புரோகிராமை பிளாப்பியில் போட்டு மேசைமேல் வைக்க வேண்டும். அவர் சீட்டுக்கட்டு மாதிரி கலைத்து வேறு ஆளுக்குக் கொடுப்பார். இனி அதுதான் நம்முடையது. பழுது பார்க்கலாம், புதிதாக எழுதக் கூடாது. புரியவில்லை என்றால் எழுதினவரையே போய்க் கேட்க வேண்டும். கடைசியில் வாய்மொழித் தேர்வு. ஏதோ ஒரு வரியில் விரல் வைப்பார். “இது எதுக்கு?”

“வேலைக்குப் போனா யாரோ எழுதிட்டுப் போனதுதான் உங்க கைக்கு வரும். இப்பவே பழகிக்குங்க.”

எனக்கு வந்தது அன்புவுடையது. மின்கட்டண பில் போடும் புரோகிராம். அன்பு கடைசி வரிசை. வகுப்புக்கு வருவதே வாரத்தில் பாதி நாள்.

என்னுடையது கவிதாவுக்குப் போயிற்று. பஸ்ஸில் அவள்: “ஏண்டி, எல்லாத்துக்கும் ஒத்தை எழுத்துல பேரு வெச்சிருக்க? மனுஷி படிக்க வேணாமா?” சுருக்கமாக எழுதுவது அழகு என்றேன். “அழக நீயே வெச்சிக்க. எனக்குப் பாஸ் ஆவணும்.”

பிப்ரவரி 27, வியாழன்

லேபில் பாதி நேரம் கரண்ட் இல்லை. மீதி நேரம் அன்புவின் புரோகிராம்.

நடுவில் ஒரு ஒன்பது வரி. ஒரு தனிச் செயற்கூறு, வேறு வரி பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் ஓடும். அதை எங்கிருந்தும் யாரும் கூப்பிடவில்லை. தேடித் தேடிப் பார்த்தேன். கூப்பிடாமலே உட்கார்ந்திருக்கிறது, விருந்தாளி மாதிரி.

அழித்தேன். பில்லில் பைசா வரும் இடத்தில் புரோகிராம் செத்தது. திரும்ப வைத்தேன். ஓடியது. மறுபடி அழித்தேன். செத்தது.

தலைவலி. காபி. இஞ்சி மரப்பா. ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா: “கம்பெனி எப்ப வருதாம்?” மில் மூடியதிலிருந்து நகைக்கடை வாசலில் காவல் வேலை. தினமும் சீருடையைக் கழற்றும்போது இதே கேள்வி. மார்ச் மூன்றாம் வாரம் காலேஜுக்கு ஆள் எடுக்க வருவார்கள் என்றேன், தினமும் போல. எல்லாப் பேப்பரும் பாஸ் ஆனவர்களைத்தான் உள்ளே விடுவார்கள் என்பதையும் சொன்னேன். “நீதான் பாஸ் ஆவியே” என்றார்.

மார்ச் 2, ஞாயிறு

நோணாங்குப்பம் போனேன், அன்புவைக் கேட்க. ஞாயிறுகளில் படகுத் துறையில் வேலை செய்கிறான். ஆட்களை வரிசையில் நிறுத்தி லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது. வாரநாளில் கூட்டம் இருந்தாலும் கூப்பிட்டுவிடுவார்களாம். அதனால்தான் அந்தப் பாதி நாள் வருகை.

வெளியூர்க் கூட்டம். ஒரு மாமி: “தம்பி, இது நாறுதுப்பா, வேற குடு.” அவன்: “எல்லாம் ஒரே நாத்தம்தாம்மா. தண்ணிக்குப் போனா தெரியாது.”

என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. அச்செடுத்த தாளை நீட்டி ஒன்பது வரியைக் காட்டினேன்.

“அதக் கை வைக்காத தேவி.”

“ஏன்?”

“கை வெச்சா நிக்கும்.”

“அது தெரியுது. ஏன் நிக்குது?”

கழுத்துவரை ஜாக்கெட் போட்ட ஒரு குழந்தை அவன் காலைக் கட்டிக்கொண்டு நின்றது. அதைப் பிரித்து அம்மாவிடம் அனுப்பினான். பிறகு மெதுவாக: “எனக்குத் தெரியாதுப்பா. சீனியர் ஒருத்தர்கிட்ட வாங்கினது. பாதிக்கு மேல அவுருதுதான். சார்கிட்ட சொல்லிடாத. காப்பின்னு தெரிஞ்சா தூக்கிருவாரு. எனக்கும் அந்தக் கம்பெனிதான்.”

சொல்ல மாட்டேன் என்றேன். கேட்காமலே படகில் ஏற்றிவிட்டான். மணல் திட்டு வரை போய்த் திரும்பினேன். எதையும் பார்க்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

நூலகத்தில் மூன்று புத்தகம். ஒன்பது வரியைப் பற்றி எதிலும் இல்லை.

கேண்டீனில் பே. பற்றிய சீனியர் கதைகள். போன வருடம் காப்பியடித்தவனை எழுப்பி வெளியே அனுப்பினாராம். இன்னொருத்தர் சொல்கையில் அது இரண்டு பேராக ஆனது. கவிதா: “இன்னும் நாலு மாசம் போனா மொத்த கிளாஸயும் அனுப்பிருப்பாரு.” சிரித்தோம்.

அவர் மோசமானவர் இல்லை. போர்டில் எழுதும்போது தப்பு வந்தால் நம் பக்கம் திரும்பி, எங்கே தப்பு என்று நிஜமாகவே கேட்பார். நாம் பதில் சொல்வதில்லை. பொறியோ என்று பயம்.

மார்ச் 12, புதன்

வாய்மொழித் தேர்வு. அவருடைய அறை. மின்விசிறிக்குத் தாள்கள் பறக்காமலிருக்க மேலே பழைய மவுஸ் ஒன்று.

விரல் நேராக அங்கேதான் போயிற்று. வேறு எங்கே போகும்.

“யாரும் கூப்பிடல. இது எதுக்கு?”

“தெரியல சார். எடுத்தா நின்னுடுது.”

“எழுதினவரைக் கேட்டீங்களா?”

கேட்டேன் என்றால் அடுத்த கேள்வி, அவர் என்ன சொன்னார்.

“கேக்கல சார்.”

தலையை ஆட்டினார். குறித்துக்கொண்டார். “அன்புவை வரச் சொல்லுங்க.”

வெளியே அன்பு. நான் ஒன்றும் சொல்லவில்லை. சார் கூப்பிடுகிறார் என்று மட்டும். பேச ஆரம்பித்தால் அழுதுவிடுவேன் போலிருந்தது. அவன் என் முகத்தையே பார்த்துவிட்டு உள்ளே போனான்.

திரும்பி வந்ததும்: “சொல்லிட்டேன் தேவி. சீனியர்கிட்ட வாங்கினேன்னு. நீதான் போட் ஹவுஸுக்கே வந்து கேட்டியேன்னும் சொன்னேன்.”

“ஏன் சொன்ன?”

“நீ சொல்லிட்டன்னு நெனச்சேம்பா. உன் மூஞ்சி அப்பிடி இருந்துச்சு.”

மார்ச் 14, வெள்ளி

மேகம். மழை இல்லை. புழுக்கம்.

பே. மறுபடி கூப்பிட்டார். கோபமில்லை. கோபமாக இருந்தால் தேவலை.

“எடுத்ததை எடுத்தேன்னு சொன்னா மார்க்கைக் குறைப்பேன், பாஸ் போடுவேன். மறைச்சா போட மாட்டேன். முதல் நாள் வகுப்புலயே சொன்னேன். அன்பு சொல்லிட்டாரு. நீங்க?”

முதல் நாள் அவர் சொன்னதை யார் கேட்டார்கள். நாங்கள் சீனியர்கள் சொன்னதைத்தான் கேட்டோம்.

“அவருக்காகத்தான் சார்.”

“தெரியுது. அந்த ஒன்பது வரி எதுக்குன்னு அவரும் கேக்கல, நீங்களும் என்னைக் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.” பிறகு சொன்னார். தசம எண் வருகிறது என்று, நாம் எழுதியதை மெஷினுக்கு மாற்றித் தரும் கம்பைலருக்கு முன்கூட்டியே உணர்த்தும் வெறும் சாக்கு அது; கூப்பிட வேண்டாம், இருந்தாலே போதும். பழைய கம்பைலரின் கோளாறு. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. நன்றாகப் புரிந்தது. அதுதான் தாங்கவில்லை.

பட்டியல் மாலையில் ஒட்டினார்கள். அன்பு மயிரிழையில் பாஸ். கவிதா நல்ல மார்க். என் பேருக்கு நேராக ‘மீண்டும் படிக்க’ என்று. ஜூனியர்களோடு. கம்பெனி அடுத்த வாரம்.

அன்பு சாரிடம் பேசப் போகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். “நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும்.” இல்லை என்றேன். அதுவும் உண்மைதானா, தெரியவில்லை.

பஸ்ஸில் ஒரே இருக்கை. நடுவில் பையை வைத்து உட்கார்ந்தோம். கருவடிக்குப்பம் தாண்டியதும் அவன், ஜன்னலைப் பார்த்தபடி: “உங்கப்பா கேட்டா என்ன சொல்லப் போற?”

நெல்லித்தோப்பு வந்தது. இறங்கத் தோன்றவில்லை. இறங்கினேன்.