இருபது பென்ஸ் குதிரை

அன்புள்ள டெர்வ்லா அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன். அங்கே ஜெர்மனியில் உன்னோடு லாயத்தில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒன்றும் புரியாதுதான், ஆனாலும் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு. அப்பா பயந்துவிட்டார் என்று ஒரே ஒரு குதிரை வியாபாரிக்குத் தெரிந்தாலும் போதும், அப்புறம் எந்தச் சந்தையிலும் அவரால் நிமிர்ந்து நிற்க முடியாது.

அப்பா நம் குதிரை பிஷப்பை விற்கப் போகிறார். தரகர் பேட்ஸி டோரன் இன்று மதியம் ஒரு சுவிஸ்காரரைக் கூட்டிவந்தார். நாளைக் காலை அவருடைய குதிரை வைத்தியர் கால்களைத் தடவிப் பார்த்ததும் கையில் கையடித்து பேரத்தை முடித்துவிடுவார்கள். புத்தாண்டுக்கு முன் வெளிநாட்டார் கைக்குப் போய்விட்டால் விதிப்படி அவன் சிட்னி ஒலிம்பிக்கில் அயர்லாந்துக்காக ஓட முடியாது. உனக்கு வேறு குதிரையும் இல்லை. போனில் சொல்லலாமென்றால் அது அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அம்மாவுக்கு இந்த வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் இரவு வேலை. ஜெர்மனிக்குக் குதிரை ஏற்றிப் போகும் லாரிக்கார மோஸி காலையில் கப்பலுக்குப் போகும்போது இதைக் கொடுத்துவிடுவேன்.

நல்ல விலை வந்தது என்றுதான் உன்னிடமும் சொல்வார். நம்பாதே. சேணம் வைக்கும் அறையில் நான் இருப்பது தெரியாமல் பேட்ஸியிடம் அவர் சொன்னதைக் கேட்டேன். "பணத்துக்காகன்னு ஊர்ல சொல்லிக்கோ பேட்ஸி. அந்தக் குதிரை என் பொண்ணு மேல விழுந்ததை இந்தக் கண்ணால பாத்தேன். இன்னொரு வாட்டி பாக்க என்னால ஆகாது" என்றார்.

ஆனால் அக்கா, அப்பா பார்க்கவில்லை. செப்டம்பர் போட்டியில் அந்தப் பள்ளத்து வேலியில் பிஷப்பின் முழங்கால் இடித்தபோது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். பிஷப் கவிழ்ந்து வரும்போதே பூனை மாதிரி உடம்பை முறுக்கி, உன்னை விட்டு விலகிப் போய் விழுந்தான். உன் தோள் எலும்பை முறித்தது தரை, அவன் இல்லை. அப்பா கண்ணை மூடியதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.

மதியம் பேட்ஸி வழக்கம்போல ஒரு கையில் சுவிஸ்காரரின் கையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அப்பாவின் கையைக் கோட்டுப் பையிலிருந்து இழுத்துப் பார்த்தார். "மைல்ஸ், கையை அடகு வெச்சிட்டியா என்ன? எடு வெளியே!" அப்பா எடுக்கவில்லை. "டாக்டர் பாக்கட்டும், நாளைக்கு" என்றார். "கல்யாணத்துக்கே மூணு வருஷம் யோசிச்ச ஆளுங்க இவரு" என்று பேட்ஸி சுவிஸ்காரரிடம் சொல்லிச் சிரித்தார்.

நான் தண்ணீர் வாளியோடு நின்றிருந்தேன். "அது என் குதிரை" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். "அப்படிங்களா முதலாளியம்மா? அப்ப தீவனத்துக்குக் காசு யாரு குடுக்கறது?" என்றார் பேட்ஸி. அவருக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.

பிஷப்பைப் போட்டதும் தாய்க்குதிரை செத்து, குட்டியும் பிழைக்காது என்று வைத்தியர் கைவிட்டபோது, அதற்குப் பால்புட்டி பிடித்தவள் நான். அப்போது எனக்கு ஐந்து வயது. "இந்த எலும்புக்கூட்டுக்கு என்ன தருவே?" என்று அப்பா கேட்டார். பாதி கடித்த பிஸ்கட்டை நீட்டினேன். அவர் சந்தை வழக்கப்படி உள்ளங்கையில் துப்பி என் கையில் அடித்து பேரத்தை முடித்தார். அன்று எங்கள் கைகளைச் சேர்த்துவைத்ததே பேட்ஸிதான். விற்றவர் வாங்கியவருக்கு அதிர்ஷ்டக் காசு கொடுக்க வேண்டுமே, அதற்கு அப்பா ஒரு இருபது பென்ஸ் காசு கொடுத்தார், குதிரைப் படம் போட்டது. மற்றவர்களுக்கு அது வேடிக்கை. ஆனால் அதிர்ஷ்டக் காசு கைமாறிய பேரத்தை அப்பா ஒருநாளும் மாற்றிப் பேசியதில்லை. பிறர் குதிரைக்கு எவ்வளவு மரியாதை கொடுப்பவர் என்று உனக்குத் தெரியும். குதிரை வாங்கப் போகிற வீட்டில் கதவு திறந்தே கிடந்தாலும் தட்டிவிட்டுத்தான் நிற்பார்.

இன்று இரவு சாப்பாட்டின்போது அந்தக் காசை அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் அதையே வெகுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து லாயத்துக்குப் போனவர் இன்னும் வரவில்லை.

எனக்கும் பயம்தான் அக்கா. நான் அவனை விற்க விடாமல் நிறுத்தி, சிட்னியில் உனக்கு ஏதாவது ஆகிவிட்டால், அதைச் செய்தது என் கைதான். அதையும் யோசித்துவிட்டேன். யோசித்த பிறகும் விற்கமாட்டேன். நாளை நான் நிறுத்திவிட்டாலும், பிறகு அப்பா உனக்குப் போன் செய்து குரல் உடைந்து கேட்டால் நீ சரி என்று சொல்லிவிடாதே. குதிரை தங்கச்சி கீவாவுடையது, அவளைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்.

எனக்கு ஒரே ஒரு சத்தியம் செய்துகொடு. சிட்னியில் கடைசி வேலியைத் தாண்டி இறங்கியதும் முதலில் வீட்டுக்குப் போன் செய். எத்தனையாவது இடம் என்று நான் கேட்கமாட்டேன். நீ பேசினால் போதும். என்ன வேண்டுமானாலும் பேசு, பிஷப் உன் தொப்பியைக் கடித்தான் என்று

படியில் பூட்ஸ் சத்தம். அப்பாதான். அறை வாசலில் நிற்கிறார்.

அக்கா, கதவைத் தட்டுகிறார். என் அறைக்குள் எப்போதும் திறந்துகொண்டுதானே வருவார். இப்போது குதிரை வாங்க வந்தவர் மாதிரி தட்டிவிட்டு நிற்கிறார்.

நான் கையை நீட்டமாட்டேன்