வெள்ளைச் சிலிக்கோன்

அப்பா,

மூன்று கிழமைக்கு முன் நம் குளியலறையின் ஓரங்களைத் திரும்பப் பூச ஓர் ஆள் வந்தார். நீங்கள் செய்த வேலைக்கு இப்போது வந்திருப்பவர். பழைய சிலிக்கோனைக் கத்தியால் வழித்தெடுத்தார், ஈரம் போகத் துடைத்தார், புதிய பசைக் குழாயின் நுனியைச் சரிவாக வெட்டினார். சிறிது நேரத்தில் வினாகிரி போன்ற அந்தப் புளித்த மணம் வீடு முழுவதும் பரவியது. நான் மேசையில் வாசித்துக்கொண்டிருந்தேன். ஒரே வரியை நாலு தரம் வாசித்துவிட்டு எழுந்து பல்கனிக்குப் போனேன்.

பல்கனியில் நின்றால் வாகனத் தரிப்பிடத்தின் மூலையில் உங்கள் பிக்கப் தெரியும். இலக்கத் தகடுகளைக் கழற்றி அரசிடம் திருப்பிக் கொடுத்தபின் ஒரு வருடமும் இரண்டு மாதமும் அது அங்கேயே நின்றது. அதை அகற்றச் சொல்லி வீட்டுப் பொறுப்பாளரிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்துவிட்டன. கோயிலில் உங்களோடு சேர்ந்து கிடாரம் தூக்கிய குகன் அண்ணை, "தாங்கோ, நான் எடுத்து ஓடுறன், இந்தக் கோடைக்குக் கோயிலுக்கு ஒண்டு வேணும்" என்று இந்த வருட மாசியிலேயே கேட்டிருந்தார். அந்த மணம் வந்த நாளில்தான் அவருக்குப் போன் எடுத்தேன்.

"தாறம் அண்ணை. ஆனா ஓடுறதுக்கு முதல் எண்ணெய்ச் சம்ப்பைக் கழட்டிப் பாக்கவேணும்."

"என்னத்துக்குப் பிள்ளை? அது எண்ணெய் விளக்கின்ர சுவிட்ச் பிழையாத்தான் இருக்கும், சும்மா எரிஞ்சிருக்கும். இந்த வயசு வண்டியளுக்கு உதுதான் வருத்தம்."

"கழட்டுவம் அண்ணை."

காரணத்தை நான் சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் போவதற்கு முந்திய ஆண்டின் ஆனி மாதச் சனிக்கிழமை அது. குளிர்காலமெல்லாம் வீதிக்குப் போடும் உப்பு சம்ப்பைத் தின்று, இஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும் அந்தத் தகரத் தட்டில் ஊசித் துளைகள் விழுந்துவிட்டன. வாகனப் பரிசோதனையில் திருப்பி அனுப்பினார்கள். பழைய வண்டிகள் உடைக்கும் இடத்தில் துரு இல்லாத ஒன்றைத் தேடி எடுத்தீர்கள். கோப்பன்ஹேகனுக்கு வெளியே புரொண்பியில் மணித்தியாலக் கணக்கில் வாடகைக்கு விடும் பட்டறைக்கு என்னையும் கூட்டிப் போனீர்கள். வண்டியோடு வந்த கைந்நூல் டேனிஷில் இருந்தது. நான் வாசிக்க, நீங்கள் செய்ய.

கழற்றுவது லேசாக இருக்கவில்லை. எண்ணெயை வடித்தோம். வண்டியின் அடியை மூடியிருந்த தகட்டை எடுத்தோம். சுற்றிவர இருந்த சின்னச் சின்ன போல்ட்டுகளில் பாதி துருவேறித் தலை மழுங்கியிருந்தன. எல்லாம் கழன்ற பிறகும் சம்ப் அசையவில்லை, பழைய பசை பிடித்துவைத்திருந்தது. குளியலறைகளில் பாவிக்கும் உங்கள் தட்டைக் கத்தியை ஓரத்தில் நுழைத்து, ரப்பர்ச் சுத்தியலால் தட்டித் தட்டி ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போனீர்கள். "விடாது போலக் கிடக்கு, கொம்மா மாதிரி" என்றீர்கள். அது விட்டபோது மணி இரண்டு தாண்டியிருந்தது. அப்போதுதான் கைந்நூலில் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். எண்ணெய் தாங்கும் பசை வேண்டும் என்றிருந்தது. உதிரிப்பாகக் கடையைப் பூட்டிவிட்டார்கள். ஞாயிறு விடியக் கோயில் பாத்திரங்களும் மேசைகளும் ஹ்விடோவ்ரே மண்டபத்துக்குப் போகவேண்டும். அன்னதானம் உங்கள் பொறுப்பு.

நீங்கள் உங்கள் பெட்டிக்குள் இருந்து பாதி முடிந்த வெள்ளைக் குழாய் ஒன்றை எடுத்தீர்கள்.

"அப்பா, இது குளிக்கிற அறைக்குப் பூசுறது."

"சிலிக்கோன் தானே."

"எண்ணெய் தாங்காட்டி ஊதிக் கழண்டுபோகுமாம்."

"ஆர் சொன்னது?"

"புத்தகம்."

"புத்தகம் எழுதினவர் எத்தினை பாத்ரூம் பூசினவராம்?"

நான் சிரித்துவிட்டேன். சொல்லவேண்டியது இன்னும் இருந்தது. பசை மூன்று மில்லிமீற்றருக்கு மேல் தடிக்கக்கூடாது, கூடினால் உள்பக்கமாகப் பிதுங்கும், பிதுங்கியது அறுந்து எண்ணெயோடு ஓடி உறிஞ்சும் குழாயை அடைக்கும் என்று அதே பக்கத்தில் இருந்தது. அதையும் வாசித்தேன், ஆனால் தாழ்ந்த குரலில், தோற்பதற்கென்றே வாசிப்பதுபோல. பசித்தது. உங்கள் முகத்தில் நாளைய வேலையின் அவசரம் இருந்தது. பூசத் தொடங்கினீர்கள். இருபது வருடமாக இந்த ஊரின் அடுக்குமாடிகளில் குளியலறை ஓரங்களைப் பூசிய கை. எங்கும் அறாமல், எங்கும் வளையாமல், சின்ன விரல் தடிப்பில் ஒரே வெள்ளைக் கோடு. அவ்வளவு அழகாக இருந்தது, அப்பா. நான் கைந்நூலை மூடிவிட்டேன்.

எண்ணெய் ஊற்றி வண்டியின் திறப்பைத் திருகியபோது முன்தட்டில், தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தல்போலச் சிவப்பாக ஒரு படம் எரிந்து அணைந்தது.

"உதென்ன கேத்தல்?"

"எண்ணெய்க் குவளை அப்பா. ஓடேக்க இது எரிஞ்சா எண்ணெய் ஏறேல்லை எண்டு அர்த்தம். உடனே நிப்பாட்டி இஞ்சினை அணைக்கவேணும். ஒரு மீற்றரும் ஓடக்கூடாது."

"ஒரு மீற்றருமோ?"

"ஒரு மீற்றரும்." இந்த முறை குரலைத் தாழ்த்தவில்லை. பசை விடயத்தில் விட்டுக்கொடுத்த வெட்கம் எல்லாவற்றையும் அந்த ஒரு வரியில் ஏற்றிச் சொன்னேன். நீங்கள் திரும்ப என்னிடம் சொல்லிக் காட்டினீர்கள், பள்ளிக்கூடத்தில்போல. "கேத்தல் எரிஞ்சா ஒரு மீற்றரும் ஓடக்கூடாது."

எட்டு மாதம் வண்டி ஒரு சொட்டும் ஒழுகாமல் ஓடியது. "பாத்தியோ, பாத்ரூம் சாமான்" என்று எத்தனை தரம் சொல்லிக்காட்டினீர்கள்.

மாசியில் அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கோப்பன்ஹேகனில் இருந்தேன். ரயிலுக்குள் அம்மாவின் குரல் போனில் வந்தது. காலையிலிருந்தே உங்களுக்கு நெஞ்சு இறுகியிருந்திருக்கிறது. அம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னதற்கு, "பிக்கப் நிக்கேக்க அம்புலன்ஸ் என்னத்துக்கு, பத்து நிமிச ஓட்டம்" என்று திறப்பை எடுத்திருக்கிறீர்கள். நம் ஆட்கள் எல்லாரும் சொல்வதுதான், சத்தம்போட்டுக்கொண்டு வாசலுக்கு ஒரு வண்டி வரக்கூடாது. பாதி வழி தாண்டியபின் கேத்தல் எரிந்தது. நீங்கள் ஓரம் கட்டி இஞ்சினை அணைத்தீர்கள். அம்மா வீதியோரத்தில் நின்று, தெரிந்த டேனிஷில் அம்புலன்ஸைக் கூப்பிட்டார். அது வந்தபோது உங்களுக்குப் பேச்சு இல்லை. பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டரிடம், நேரே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். அவர் நேர்மையான மனிதர். "தெரியாது" என்றார்.

அந்தச் சொல்லோடு ஒரு வருடமும் இரண்டு மாதமும் இருந்தேன். விளக்கின் சுவிட்ச் பிழையென்றால் அது விதி. சம்ப்புக்குள் வெள்ளையாக ஏதாவது கிடந்தால் அது நாங்கள்.

போன சனிக்கிழமை குகன் அண்ணை பிக்கப்பை இழுத்துக்கொண்டு அதே பட்டறைக்கு வந்தார். நானும் மேலங்கி போட்டுக்கொண்டு கீழே படுத்தேன். எண்ணெய் கறுப்பாக இறங்கியது. போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒரு பீங்கானில் போட்டேன். ஒன்று கைதவறி உருண்டு போனது. "ஆறுதலாப் பிள்ளை, சம்ப் எங்கையும் ஓடாது" என்றார். கடைசி இரண்டையும் அவர் கழற்ற, நான் தட்டைக் கீழிருந்து தாங்கினேன். சுத்தியல் தேவைப்படவில்லை. அது தானாகவே கையில் விழுந்தது.

உள்ளே பார்க்குமுன் கண்ணை மூடினேன். குகன் அண்ணை சிரித்தது கேட்டது.

"ஆர் பிள்ளை இந்த வேலை பாத்தது? உள்ளுக்க ஆரோ பாத்ரூம் கட்டியெல்லோ வச்சிருக்கினம்."

உங்கள் கோடு ஊதி, தளர்ந்து, ஓரத்திலிருந்து புழுப் புழுவாகத் தொங்கியது. எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு வலை இருக்கிறதல்லவா, அதில் விரல் நீளத்துக்கு இரண்டு துண்டுகள் ஒட்டிப் படுத்திருந்தன. கறுப்புக்குள் அவ்வளவு வெள்ளை.

"நானும் அப்பாவும் அண்ணை."

அவர் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையைத் துடைத்தார். துணியை மடித்து மடித்துத் துடைத்தார். பிறகு லைட்டைப் பிடித்து வலையைப் பார்த்தார். "இது முழுக்க அடைக்கேல்லை, பார். பாதி திறந்துதானே கிடக்கு. பாதியாலையும் எண்ணெய் ஏறும். சுவிட்ச்தான் பிழை, நான் சொல்லுறன்."

"அப்ப சுவிட்ச்சை மாத்தவேண்டாம் அண்ணை. பழையதே இருக்கட்டும்."

வலையைக் கழுவி, பழைய சிலிக்கோனை ஒரு துணுக்கும் இல்லாமல் சுரண்டி, விளிம்புகளை ஸ்பிரிட்டால் துடைத்தேன். இந்த முறை சரியான குழாய் இருந்தது. அளவுகோலை வைத்து மூன்று மில்லிமீற்றர் போட்டேன். என் கோடு அழகாக வரவில்லை. போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, மெல்ல இறுக்கினோம். குழாயில் எழுதியிருந்தபடி ஒரு நாள் காயவிட்டோம். அந்த ஒரு நாளும் நான் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: நாளைக்கு அந்த விளக்கு எரிந்தபடியே இருக்கவேண்டும். பழைய சுவிட்ச் பழைய பொய்யைச் சொல்லவேண்டும், பிழை எங்களதாக இருக்கக்கூடாது.

ஞாயிறு மத்தியானம் அம்மாவும் வந்தார். நான் கேட்கவில்லை, தானாக பஸ் ஏறி வந்து பட்டறை வாசலில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். புதிய எண்ணெய் ஊற்றினோம். குகன் அண்ணை கீழே படுத்து ஒழுக்குப் பார்க்க, நான் ஏறித் திறப்பைத் திருகினேன். கேத்தல் சிவப்பாக எரிந்தது. இஞ்சின் இருமியது, உதறியது, பிடித்தது. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒன்று. இரண்டு. மூன்றாவதை நான் எண்ணி முடிக்கவில்லை.

அணைந்துவிட்டது.

இஞ்சின் நிதானமாக ஓடியது. காலை அழுத்தினேன், விட்டேன், திரும்பவும் அழுத்தினேன். கேத்தல் எரியவில்லை. குகன் அண்ணை எழும்பி வந்து, யன்னலால் தலையை நீட்டி முன்தட்டைப் பார்த்தார். சுவிட்ச் சரி என்று அவருக்கும் தெரிந்தது.

"என்ன பிழையாம்?" என்று அம்மா கேட்டார்.

மறைக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். "நாங்கள் பூசினது பிழை அம்மா. எனக்கு அண்டைக்கே தெரியும். அப்பாவுக்குச் சொல்லிப்போட்டு விட்டிட்டன்."

அம்மா மறுபக்கத்தால் சுற்றி வந்து கதவைத் திறந்து, அந்தச் செவ்வாய்க்குப் பிறகு முதல்முறையாகத் தன் இருக்கையில் ஏறி இருந்தார். கைப்பையை மடியில் வைத்தார்.

"அண்டைக்கு ஓடுங்கோ எண்டு கெஞ்சினனான். ஆஸ்பத்திரிப் பலகை தெரியுது, ஓடுங்கோ எண்டனான். கேக்கேல்லை. 'ஒரு மீற்றரும் ஓடக்கூடாதாம், பிள்ளை வாசிச்சுச் சொன்னவள்' எண்டார்." பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "உனக்கு இதைச் சொல்லக்கூடாதெண்டுதான் இருந்தனான்."

நான் வாசித்த இரண்டு வரிகளில் ஒன்றைச் சிரித்துத் தள்ளினீர்கள். மற்றதற்கு, நெஞ்சு இறுகியபோதும், ஆஸ்பத்திரிப் பலகை கண்ணுக்கு முன் தெரிந்தபோதும், கீழ்ப்படிந்தீர்கள். இதை எப்படிச் சுமப்பதென்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை, அப்பா. அம்மா அதை ஒரு வருடத்துக்கு மேல் தனியாகத் தூக்கியிருக்கிறார். இப்போது நாங்கள் இருவரும். இரவுச் சாப்பாட்டின்போது உங்களைப் பற்றிக் கதைக்கிறோம், முன்பு கதைக்காததுகளையும்.

நேற்றுக் காலை புதிய இலக்கத் தகடுகளோடு வந்து குகன் அண்ணை வண்டியை எடுத்தார். திறப்பைக் கொடுக்குமுன் அவரை நிற்கச் சொன்னேன்.

"அண்ணை, சிவப்பா அந்தக் குவளை எரிஞ்சா உடனே நிப்பாட்டுங்கோ."

"தெரியும் தங்கச்சி."

"முழுக்கக் கேளுங்கோ. உள்ளுக்க இருக்கிற ஆருக்கும் உடம்புக்கு ஏலாம இருந்தா நிப்பாட்டாதேங்கோ. எரியட்டும். ஓடுங்கோ. இஞ்சின் போனாப் போகட்டும்."

அவர் பகிடி எதுவும் விடவில்லை. ஓம் என்று தலையாட்டி ஏறினார். அந்தப் பட்டறையில், நீங்கள் பாடம்போலத் திருப்பிச் சொன்ன அன்று, உங்களுக்குச் சொல்லியிருக்கவேண்டிய வரி அதுதான், அப்பா. கைந்நூலில் அது இருக்கவில்லை. எனக்குத் தெரிந்திருக்கவேண்டும்.