கிளட்ச் ரப்பரும் என் இடது காலும்

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். முதல் வரியில் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதிவிட்டு அப்புறம் இரண்டு பக்கத்துக்கு மூக்கைச் சிந்துவதுதான் நம் வீட்டுக் கடிதங்களின் லட்சணம். இந்த முறை அப்படி ஆரம்பிக்க மனசு வரவில்லை. உன் அம்மா தேறிக்கொண்டு வருகிறாள். முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, ஆனாலும் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் ஏறுகிறாள். நான் சௌக்கியமா இல்லையா என்பதை ஐந்து மாதத்துக்கு முன்னால் நீயே போனில் தீர்ப்புச் சொல்லிவிட்டாய், அதனால் அதைத் தனியாக எழுத வேண்டியதில்லை. நீயும் மருமகளும் குழந்தையும் நன்றாக இருக்க வேண்டும். குழந்தைக்குச் சளி விட்டதா? ஈரத் தலையோடு வெளியே கூட்டிப் போகாதீர்கள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் நான் வாயைத் திறந்தால் உனக்கு உடனே மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்தையும் பாதியில் வைக்கலாம், ஆனால் அது மேஜைமேல் கிடந்து கண்ணை உறுத்தும்.

அன்றைக்கு நடந்ததை நீ அம்மா வாயால் கேட்டாய், என் வாயால் கேட்கவே இல்லை. இப்போது கேள். நாங்கள் இரண்டு பேரும் கண் டாக்டரிடம் கிளம்பினோம். அவள் கேட்டைத் திறக்க இறங்கிப் போனாள். நான் முதல் கியரில் போட்டு கிளட்சை அடிவரை மிதித்துக்கொண்டு காத்திருந்தேன். அந்தத் தாழ்ப்பாள் உனக்குத் தெரியுமே, லேசில் வராது. அவள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது கார் தானாக நகர்ந்தது. நான் பிரேக்கை மிதிப்பதற்குள் பம்பர் அவள் முழங்காலைக் கேட்டோடு வைத்து இடித்துவிட்டது. நான் காலை எடுக்கவே இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னேன், வீட்டில் சொன்னேன், பார்க்க வந்த உன் சித்தியிடம் சொன்னேன். எல்லோரும் பாவம் என்பதுபோல் தலையை ஆட்டினார்கள். போன வருஷம்தான் எனக்கு இடுப்பு நரம்பு ஆபரேஷன் ஆயிற்று, அதுவும் இடது பக்கம், அப்புறம் என்ன, கேஸ் முடிந்தது. நீ பத்து நிமிஷம் பேசினாய். "அப்பாவுக்குக் கால் மரத்துப் போயிருக்கும்மா, மிதிக்கிறதா நினைச்சிட்டு இருந்திருப்பாரு, அவருக்கே தெரியாது, முதல்ல சாவியை வாங்கி வை" என்று நீ சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. அவள் சாவியை வாங்கித் தன் கண்ணாடிக் கூட்டில் போட்டுக்கொண்டாள். அத்தனை பேரில் ஒருவராவது பானெட்டைத் திறந்து பார்த்தீர்களா? நீ பெரிய இன்ஜினியர், உனக்குமா தோன்றவில்லை?

சரி, உன்னை மட்டும் சொல்லி என்ன. கொஞ்ச நாளில் நானே நம்பிவிட்டேன், அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. முப்பத்திரண்டு வருஷம் நிலத்தை அளந்து சோறு தின்றவன் நான். குளியலறையில் இருக்கும் எடை மெஷினைச் சுவரோடு நிமிர்த்தி வைத்து, நாற்காலியில் உட்கார்ந்து, தினமும் காலையில் வலது காலால் ஒரு தடவை, இடது காலால் ஒரு தடவை அமுக்கி நோட்டில் எழுதினேன். இடது காலில் மூன்று கிலோ குறைவு. அந்த மூன்று கிலோவால்தான் இவளை நொண்ட வைத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, அவள் படியேறும் சத்தம் கேட்டால் பின்கட்டுக்குப் போய்விடுவேன். ஐந்து மாதம்டா. கட்டின பெண்டாட்டி முகத்தைப் பார்க்கக் கூசிக்கொண்டு ஒரு மனுஷன் ஒரே வீட்டில் ஐந்து மாதம் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

போன மாதம் காரை விற்க நீயே ஆள் பிடித்துவிட்டாய் அல்லவா, உன்னைவிட வயதில் மூத்த காரை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல். வாங்க வருகிறவர் பார்ப்பதற்காக அதை ஷெட்டிலிருந்து வெளியே எடுக்கப் போன வாரம் மெக்கானிக்கை அனுப்பினாய். அந்த ஒரு காரியத்துக்கு உனக்கு நன்றி. பேட்டரியை மாற்றி ஸ்டார்ட் செய்து, ரிவர்ஸ் போட்டால் கறகறவென்று கத்துகிறது. பெடலை இரண்டு மூன்று தடவை அடித்து எப்படியோ கியரில் போட்டுவிட்டு, கிளட்சை மிதித்தபடி ஜன்னல் வழியாக என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். கார் மெல்லப் பின்னால் ஊர்ந்தது. பதறிப்போய் பிரேக்கை மிதித்துவிட்டு, "சார், நான் காலை எடுக்கவே இல்லையே" என்றார். அவருக்கு நாற்பது வயது, கால் இரண்டும் உரல் மாதிரி இருக்கிறது. இன்னொரு தடவை செய்யுங்கள் என்றேன். நாலு தடவை செய்ய வைத்தேன். நாலு தடவையும் ஊர்ந்தது.

அப்புறம் அவரைச் சீட்டில் உட்கார வைத்து இன்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, சாக்கை விரித்துக் காருக்கு அடியில் நானே படுத்தேன். உன் அம்மா ஜன்னலில் நின்று, இந்த வயசில் உங்களுக்கு இது தேவையா என்று கத்தினாள். பெடலை மிதித்தால் மேலே இருக்கிற சிலிண்டர் ஆயிலைத் தள்ளும், ஆயில் கீழே இருக்கிற சிலிண்டருக்கு வந்து ஒரு கம்பியைத் தள்ளும், அந்தக் கம்பிதான் கிளட்சைப் பிரித்து, இன்ஜின் சக்கரத்தைச் சுற்றாமல் விலக்கி வைக்கும். கம்பியில் சாக்பீஸால் கோடு போட்டு ஸ்கேலைப் பிடித்துக்கொண்டேன். அவர் மிதித்தார், கம்பி அரை அங்குலம் வந்தது. மிதித்தபடியே இருங்கள் என்றேன். இருபது எண்ணுவதற்குள் கம்பி தானாகப் பின்னால் போய்விட்டது. வெளியே ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது, மேலே ஆயில் ஊற்றி வைக்கிற டப்பாவில் அளவு குறையவும் இல்லை. அப்படியென்றால் மேல் சிலிண்டருக்கு உள்ளேயே ரப்பரைத் தாண்டி ஆயில் திரும்பி வருகிறது. சட்டென்று மிதித்து எடுத்தால் தெரியாது, கேட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றால்தான் தெரியும்.

வராந்தா மேஜையில் பேப்பரை விரித்துச் சிலிண்டரைக் கழற்றினோம். இதற்கு மேல் நீ நிதானமாகப் படிக்க வேண்டும். விறைப்பாக, விளிம்பு கூராக இருக்க வேண்டிய ரப்பர் வாஷர், டீயில் ஊறின ரொட்டி மாதிரி உப்பித் தொளதொளவென்று கையில் வந்தது. மெக்கானிக் ஆயிலை விரலில் தொட்டுத் தேய்த்து முகர்ந்து பார்த்தார். "இதுல யாரு சார் இன்ஜின் ஆயிலை ஊத்துனது? இதுக்கு பிரேக் ஆயில்தானே. இன்ஜின் ஆயில் பட்டா இந்த ரப்பர் செத்துடும்" என்றார். யார் ஊற்றினது என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கு அடிபடுவதற்கு மூன்று மாதம் முன்னால் லீவில் வந்திருந்தாயே, ஒருநாள் காலையில் "நீங்க போய் உக்காருங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்று காரைக் கழுவி, எல்லா மூடியையும் திறந்து, குறைந்ததையெல்லாம் ஷெட்டில் இருந்த ஒரே டின்னிலிருந்து நிரப்பினாய். நான் ராஜா மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து, பிள்ளை வேலை செய்கிற அழகைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். என்ன ஊற்றுகிறாய் என்று எழுந்து வந்து பார்க்கவில்லை. அது என் புத்தி.

மெக்கானிக்கிடம் நான்தான் ஊற்றினேன் என்று சொல்லிவிட்டேன். அவர் ஒருமாதிரி பார்த்துவிட்டு, "வயசானா இப்படித்தான் சார், விடுங்க" என்றார். அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மேலும் கீழும் ரப்பர் அத்தனையும் மாற்றி, ஹோஸும் புதுசு போட்டு, குழாயை ஸ்பிரிட் விட்டுக் கழுவி, சரியான ஆயிலை ஊற்றினோம். உள்ளே மாட்டின காற்றை எடுக்க ஒருவர் கீழே படுத்துத் திருகைத் திறந்து மூட, இன்னொருவர் மேலே பெடலை மிதிக்க வேண்டும். மிதித்தது நான்தான், இதே இடது காலால். "அமுக்குங்க, பிடிங்க, விடுங்க" என்று அவர் கீழிருந்து குரல் கொடுக்க அரைமணி நேரம் மிதித்தேன். எழுந்து வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "கால்ல என்ன சார் குறை, எனக்கே வலிச்சிருக்கும்" என்றார். அதைக் கேட்க அந்த நேரத்தில் உன் அம்மா வெளியே இல்லை. கார் இப்போது வெண்ணெய் மாதிரி கியர் விழுகிறது. மிதித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றேன், அசையவில்லை. உள்ளே போய் அவளிடம் எல்லாம் சொன்னேன், பழைய ரப்பர், உளுத்துப் போயிருந்தது, என் கால் இல்லை என்று. அவள் கேட்டுக்கொண்டு, "நல்லதாப் போச்சு, பையன் என்ன சொல்றான்?" என்றாள். மெக்கானிக் கையிலிருந்து சாவியை வாங்கி மறுபடி கண்ணாடிக் கூட்டில் போட்டுக்கொண்டாள். நாற்பத்திரண்டு வருஷம் குடித்தனம் நடத்தி, என் வார்த்தைக்கு இந்த வீட்டில் இருக்கிற மதிப்பு இவ்வளவுதான்.

வாங்க வந்தவரை நான் திருப்பி அனுப்பிவிட்டேன், கார் விற்பதற்கில்லை. உன்னிடம் எனக்கு மன்னிப்பு எதுவும் வேண்டாம், கேட்டால்தான் எனக்குக் கோபம் வரும். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது அம்மாவிடம் ஒன்று மட்டும் சொல், கோளாறு காரில்தான், அப்பா காலில் இல்லை என்று. நீ சொன்னால் நம்புவாள், நீ சொன்னதைத்தானே நம்பினாள். ரப்பர் எப்படிக் கெட்டது என்று கேட்டால் பழசு என்று சொல்லிவிடு. ஆயில் விஷயம் உன் வாயிலிருந்து வரவே கூடாது. அந்த முழங்காலுக்காக என்மேல் இருக்கிற வருத்தத்தை அவள் ஐந்து மாதம் தாங்கிக்கொண்டாள், உன்மேல் என்றால் ஒருநாள் தாங்கமாட்டாள். படித்ததும் இதைக் கிழித்துப் போடு, மருமகளுக்கும் தெரிய வேண்டாம்.

குழந்தைக்கு எங்கள் முத்தம். மூவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி இருங்கள். இனிமேல் உன் காரில் எதை ஊற்றினாலும் மூடிமேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்று. ஞாயிற்றுக்கிழமை மறக்காதே. போனை அவளே எடுப்பாள், நான் பக்கத்து அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா