கடித்துப் பார்த்த விதை

மட்டாஞ்சேரி
17.8.1978

அன்புள்ள அண்ணா,

பம்பாய் மழையில் நனைந்து திரியாதே.

இன்று தாவரவியல் வகுப்பில் என் மானம் போயிற்று. டீச்சர் ஒரு கறுப்பு விதையைக் கொடுத்து, லென்ஸில் பார்த்து வரையச் சொன்னார். நானோ நம் மிளகுக் கிடங்கு வழக்கப்படி வாயில் போட்டுக் கடித்துவிட்டேன்! போதாததற்கு, “இது மிளகில் கலக்கிற பப்பாளி விதை” என்று சத்தமாகச் சொல்லியும் வைத்தேன். வகுப்பே சிரித்தது.

டீச்சர் சிரிக்கவில்லை. “எப்படித் தெரிஞ்சுது குட்டீ?” என்று தன் மலையாளத் தமிழில் கேட்டார்.

“மிளகுக் காரம் தொண்டையில நிக்கும் டீச்சர், இது மூக்குல ஏறுது.”

“அது ஏன்னு எனக்கும் அறியில்ல. நோக்கலாம், வா!”

அண்ணா, ஒரு வருஷமாக மனப்பாடம் செய்து வெறுத்த பாடத்தில் டீச்சருக்கே தெரியாத ஒன்று இருக்கிறது! நூலகத்தில் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டி வீட்டுக்கு வரும் நாலு மணிப் படகை விட்டுவிட்டேன். விடை கிடைக்கவில்லை. நாளைக்கும் படகை விடுவேன்.

திங்கட்கிழமை அழுதுகொண்டே, ‘கல்யாணத்துக்குச் சம்மதம்’ என்று உனக்கு ஒரு கடிதம் போட்டேன். வந்தால் படிக்காதே. படித்துவிட்டாயானால், என் படிப்பு முடியும்வரை மாப்பிள்ளை வீட்டாரை இரண்டு வருஷம் பொறுக்கச் சொல். முடியாது என்பார்கள். பாவம், நல்ல மனிதர்கள், அவர்களைக் கட்டாயப்படுத்தாதே.

மூக்கில் இன்னும் காரத்தோடு,
உன் தங்கை